‘சிராப்னல்’: ஒரு படைக்கலச் சொல்லின் பொருள் வரலாறும் தமிழ் இணைச்சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

வெடிக்கும் படைக்கலத்திலிருந்து சிதறிப் பாயும் உலோகத் துண்டுகளைக் குறிக்க உலக மொழிகள் பலவற்றில் வழங்கும் ‘சிராப்னல்’ என்னும் சொல், ஓர் ஆங்கிலேயப் படை அலுவலரின் குடும்பப் பெயரிலிருந்து தோன்றியது. ஆளின் பெயர் கருவிக்கும், கருவியின் பெயர் அதன் உள்ளீட்டுக்கும், உள்ளீட்டின் பெயர் வேறொரு கருவியின் சிதறல்களுக்கும் படிப்படியாக ஆகி வந்துள்ளது. இப்பொருள் மாற்றத்தைத் தமிழ் இலக்கணத்தின் ஆகுபெயர்க் கோட்பாட்டைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இப்பொருளைச் சுட்டத் தமிழில் வழங்கும் சிதறல், சன்னம், ரவை, செல் பீஸ் முதலிய சொற்களை ஒப்பிட்டு, மொழிபெயர்ப்பிலும் மருத்துவ, சட்ட ஆவணங்களிலும் அவற்றை வேறுபடுத்தி ஆளவேண்டியதன் தேவையையும் இது நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: சிராப்னல், ஆகுபெயர், இருமடியாகுபெயர், எறிகணை, சிதறல், சன்னம், கலைச்சொல்.

முன்னுரை

போர் மொழிக்குப் புதுச்சொற்களைத் தருகிறது. போர் முடிந்து, அக்கருவிகள் வழக்கொழிந்த பின்னரும் அச்சொற்கள் எஞ்சி நிற்கின்றன. சில பழைய பொருளை இழந்து புதுப்பொருள் ஏற்கின்றன. தமிழில் வழங்கும் ‘பீரங்கி’ இதற்கு அண்மைச் சான்றாகும். ஐரோப்பியரைச் சுட்டிய ‘பிராங்கு’ என்னும் இனப்பெயர் பாரசீகம், இந்துத்தானி முதலிய மொழிகளின் வழியே திரிந்து வந்து, அவ்வினத்தார் கொணர்ந்த பெருங்கருவிக்குப் பெயராயிற்று என்பர். அதே மூலத்தினின்று வந்த ‘பறங்கி’ ஆளையும் ஊரையும் காயையும் குறிக்க, ‘பீரங்கி’ படைக்கலத்தை மட்டும் குறித்து நின்றது. இன்று பீரங்கி என்பார் எவரும் ஓர் இனத்தை நினைப்பதில்லை.

ஆங்கிலத்தில் இத்தகைய வரலாறு உடைய சொல் ‘சிராப்னல்’. ‘ஷ்ராப்னல்’ என்றும் எழுதப்படும் இச்சொல்லை, மெய்யெழுத்து மொழிமுதல் வாராது என்னும் தமிழ் மரபை ஒட்டி இக்கட்டுரை ‘சிராப்னல்’ என ஆள்கிறது. இன்றைய அகராதிகள் பலவும் இதற்குக் ‘குண்டுச் சிதறல்’ என்னும் பொருள் தருகின்றன. அப்பொருள் இன்றைய வழக்குக்குப் பொருந்தும். 1804ஆம் ஆண்டின் போர்க்குறிப்பொன்றுக்கோ 1914ஆம் ஆண்டின் படைவீரர் மடலுக்கோ பொருந்தாது. இவ்வேறுபாட்டை அறியாது செய்யும் மொழிபெயர்ப்பு, மூலம் கூறாத ஒன்றைக் கூறுவதாகிவிடும். ஆகவே இச்சொல்லின் பொருள் எவ்வாறு மாறிற்று என்பதையும், தமிழ் அதனை எவ்வாறு ஏற்கலாம் என்பதையும் ஆராய்வது இன்றியமையாததாகிறது.

பெயருக்குரியவரும் கருவியும்

ஹென்றி சிராப்னல் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் உள்ள பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்னும் ஊரில் 1761இல் பிறந்தவர். 1779இல் அரச பீரங்கிப் படையில் அலுவலராகச் சேர்ந்தார். 1784 முதல் தம் சொந்தச் செலவில் புதிய எறிகணை ஒன்றை உருவாக்கும் முயற்சியில் ஈடுபட்டு, 1787இல் ஜிப்ரால்டரில் அதனைச் செயல்விளக்கம் செய்து காட்டினார். பிரித்தானியப் படை அதனை ஏற்றுக்கொண்டது 1803இல்தான். மறு ஆண்டில் தென்னமெரிக்காவின் சுரிநாமில் டச்சுக்காரருக்கு எதிராக அது முதன்முதலாகப் போரில் பயன்பட்டது. 1808 முதல் ஐபீரியத் தீபகற்பப் போரிலும், 1815இல் வாட்டர்லூவிலும் வெல்லிங்டனின் படைகள் அதனைக் கையாண்டன. 1814இல் அரசு சிராப்னலுக்கு ஆண்டுக்கு 1,200 பவுன் வாழ்நாள் உதவித்தொகை வழங்கியது. 1842இல் அவர் இறந்தார்.

அவர் தம் கருவிக்குத் தம் பெயரை இடவில்லை. ‘உருண்டை உறை’ என்னும் பொருள்பட அமைந்த பெயரே முதலில் அதற்கு வழங்கிற்று. படையினர் வழக்கில் ‘சிராப்னலின் எறிகணை’ என வழங்கி, பின்னர் ‘சிராப்னல் எறிகணை’ எனச் சுருங்கிய பெயர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலுவல்முறைப் பெயராகவும் நிலைபெற்றது.

இக்கருவியின் தனித்தன்மையை உணர, அதற்கு முற்பட்ட உறைக்குண்டின் இயல்பை அறிதல் வேண்டும். மெல்லிய தகரக் குவளையில் உருண்டைகளை நிறைத்துப் பீரங்கியிலிட்டுச் சுடும் முறை முன்னரே இருந்தது. அக்குவளை பீரங்கியின் வாயை விட்டு நீங்கியதுமே பிளந்துவிடும். உருண்டைகள் உடனே விரிந்து பரவுவதால், மிக அண்மையில் நிற்கும் பகைவரை மட்டுமே அவை தாக்கின. சிராப்னல் இவ்விளைவைச் சேய்மைக்குக் கொண்டுசென்றார். உள்ளீடற்ற இரும்புக் கோளத்தினுள் ஈய உருண்டைகளையும் சிறிதளவு வெடிமருந்தையும் இட்டு, குறித்த நேரத்தில் எரிந்து முடியும் திரியைப் பொருத்தினார். கோளம் பகைவர் தலைக்கு மேலே, சற்று முன்னதாக, வானிலேயே பிளக்கும். உருண்டைகள் கோளம் பறந்து வந்த விரைவை இழக்காமல் முன்னோக்கிப் பொழியும்.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். உள்ளே இருந்த வெடிமருந்தின் பணி உறையைத் திறப்பது மட்டுமே. உருண்டைகளுக்குக் கொல்லும் விரைவைத் தந்தது பீரங்கி. எனவே இக்கருவியில் ஊறு விளைவித்தவை முதன்மையாக முன்னரே வார்த்து வைக்கப்பட்ட உருண்டைகள். உறையின் துண்டுகள் அதன் நோக்கத்தில் அடங்கியவை அல்ல. ‘வெடித்துச் சிதறிய உறைத்துண்டு’ என்னும் இன்றைய பொருள், கருவியின் தொடக்க நிலைக்கு நேர் மாறானது என்பது இதனால் விளங்கும்.

கருவியின் வளர்ச்சியும் மறைவும்

தொடக்கக் காலக் கோளங்களில் வெடிமருந்தும் உருண்டைகளும் கலந்தே இருந்தமையால், உராய்வினால் அவை உரிய நேரத்துக்கு முன்பே வெடித்தன. 1852ஐ ஒட்டிப் பாக்சர் என்னும் அலுவலர் இரும்புத் தடுப்பு ஒன்றை இட்டு இரண்டையும் பிரித்து இக்குறையை நீக்கினார். புரிகுழல் பீரங்கிகள் வந்தபின் கோளவடிவம் மறைந்து நீள்வடிவம் வந்தது. வெடிமருந்து அடிப்புறத்திலும், நேரத்திரி முனையிலும், உருண்டைகள் இடையிலும் அமைந்தன. உருண்டைகளைப் பிசின் பற்றி நிறுத்தியது.

முதல் உலகப்போர் தொடங்கியபோது களப்பீரங்கிகளின் முதன்மை எறிகணை இதுவே. பிரித்தானியரின் 18 பவுண்டுப் பீரங்கிக்குரிய எறிகணை ஒன்றில் ஏறத்தாழ 375 உருண்டைகள் இருந்தன. திறந்த வெளியில் அணிவகுத்து வருவோர்க்கு எதிராக இது வலிமை மிக்கது. ஆனால் போர் பதுங்குகுழிகளுக்குள் புகுந்தபின் நிலைமை மாறியது. மண்ணரணைத் தகர்க்கும் ஆற்றல் ஈய உருண்டைகளுக்கு இல்லை. ஆற்றல் மிகு வெடிபொருள் நிறைந்த எறிகணைகளே வேண்டப்பட்டன. இவற்றில் உருண்டைகள் இல்லை. வெடியின் விசையால் தடித்த எஃகுறையே நூற்றுக்கணக்கான கூர்ந்துண்டுகளாகப் பிளந்து எல்லாத் திசைகளிலும் பாய்ந்தது. மேலிருந்து வரும் இருவகைத் தாக்குதலும் மிகுந்தமையால் 1915இல் பிரெஞ்சுப் படையும் பிரித்தானியப் படையும் எஃகுத் தலைக்கவசங்களை வழங்கத் தொடங்கின.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிராப்னலின் கருவி பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. சொல் மட்டும் ஒழியவில்லை. ஆங்கிலச் சொற்பிறப்பியல் அகராதிகள் எறிகணையைக் குறிக்கும் பொருளுக்கு 1806ஐயும், எறிகணைத் துண்டுகளைக் குறிக்கும் பொருளுக்கு 1940ஐயும் முதற்பதிவாகத் தருகின்றன. கருவி மறைந்த காலமும் புதுப்பொருள் பதிவான காலமும் அண்மித்து நிற்பது தற்செயலன்று. பழைய பொருளைச் சுட்டவேண்டிய தேவை இல்லாதபோது, சொல் புதிய பொருளுக்கு உரியதாகிறது. படைத்தொழில்நுட்ப வல்லுநர் இன்றும் உறைத்துண்டுகளைச் சிராப்னல் என்னாது ‘துண்டு’, ‘சிராய்’ என்னும் பொருளுடைய வேறு சொற்களால் சுட்டுவதையே விரும்புகின்றனர். பொதுவழக்கு இவ்வேறுபாட்டைப் பேணவில்லை.

ஆகுபெயர் நோக்கில் பொருள்மாற்றம்

ஒன்றன் இயற்பெயர் அதனோடு இயைபுடைய பிறிதொன்றுக்கு வழக்கினால் ஆகி வருவது ஆகுபெயர். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் இதனை வகுத்துக் கூறுகிறார். நன்னூலார் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் முதலாகக் கருத்தா ஈறாக அதனை விரிக்கிறார். சிராப்னல் என்னும் சொல்லின் வரலாற்றைப் பின்வரும் படிகளில் இக்கோட்பாட்டில் வைத்துக் காணலாம்.

முதற்படியில் செய்தவன் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆயிற்று. இது கருத்தாவாகுபெயர். ‘திருவள்ளுவர் படித்தான்’ என்புழி ஆசிரியர் பெயர் நூலுக்கு ஆவது போன்றது. படைக்கலங்களுக்கு ஆட்பெயர் அமைவதெல்லாம் இவ்வகையில் அடங்கும் எனக் கொள்ளலாகாது. ‘கலாஷ்னிகோவ்’ கருத்தாவாகுபெயராகும். ‘மொலொட்டோவ்’ எரிகுண்டோ அவ்வாறன்று. 1939–40இல் நிகழ்ந்த குளிர்காலப் போரில் பின்லாந்தினர் சோவியத் வெளியுறவு அமைச்சரை எள்ளி அப்பெயரை இட்டனர். அவர் அதனைச் செய்தவர் அல்லர். அது யாருக்கு எதிராக எறியப்பட்டதோ அந்நாட்டைச் சேர்ந்தவர்.

இரண்டாம் படியில் எறிகணையின் பெயர் அதனுள் இருந்து பொழியும் உருண்டைகளுக்கு ஆயிற்று. இதனை முதலாகுபெயர் எனக் கொள்வதா, இடவாகுபெயர் எனக் கொள்வதா என்னும் ஐயம் எழலாம். முதலும் சினையும் பிரிப்பின் முதல் குறைவுபடும் உறவுடையன. உருண்டைகளோ உறைக்குள் இடப்பட்டவை. கொள்கலத்தின் பெயர் கொள்பொருளுக்கு ஆவதால், ‘ஊர் சிரித்தது’ என்பதில் இடப்பெயர் ஆங்கு வாழ்வார்க்கு ஆவது போல, இதனை இடவாகுபெயரின்பாற் படுத்துவதே பொருந்தும்.

மூன்றாம் படியில் ஆற்றல்மிகு வெடிகணையின் உறைத்துண்டுகளுக்கு இப்பெயர் ஆயிற்று. மேலோட்டமாக நோக்கின் இது முதற்பெயர் சினைக்கு ஆனதாகத் தோன்றும். ஆயினும் அத்துண்டுகளுக்கு முதலாவது சிராப்னலின் எறிகணை அன்று, வேறொரு கருவி. எனவே முதல்-சினை இயைபு இங்கு இல்லை. வானிலிருந்து பாய்ந்து உடலைத் துளைக்கும் உலோகம் என்னும் விளைவின் ஒப்புமையே இயைபாக நிற்கிறது. ஆதலின் இது உவமையாகுபெயர் ஆகும். பின்னர்க் கைக்குண்டு, கண்ணிவெடி, வான்குண்டு ஆகிய அனைத்தின் துண்டுகளுக்கும் இப்பெயர் பரவியதும் இவ்வொப்புமையாலேயே. பிரித்தானியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பேச்சுவழக்கில் சில்லறைக் காசுகளையும் சிராப்னல் என்பர். சிறுமை, பன்மை, உலோகத்தன்மை ஆகிய ஒப்புமைகளே அதற்கும் அடிப்படை.

கருமையைக் குறித்த ‘கார்’ முகிலுக்கும், முகிலின்வழிப் பருவத்துக்கும், பருவத்தின்வழிப் பயிருக்கும் ஆவதை இலக்கண நூலார் மும்மடியாகுபெயர் என்பர். ஆள், எறிகணை, உருண்டை, உறைத்துண்டு என வளரும் சிராப்னலும் மும்மடியாகுபெயரே. ஆயினும் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கார் என்னும் சொல்லில் எல்லாப் படிகளும் ஒருங்கே வழக்கில் நிற்கின்றன. சிராப்னலில் இடைப்படிகள் வழக்கொழிந்தன. ஏணியின் நடுப்படிகள் இற்றுவிட, மேற்படியில் நிற்பவர்க்கு அடிப்படி புலனாவதில்லை. இயைபு மறந்த ஆகுபெயர் இயற்பெயர் போல் வழங்கும் என்பதற்கு இது தக்க சான்று.

குடும்பப் பெயரின் மூலமும் ஓர் எச்சரிக்கையும்

சிராப்னல் என்னும் குடும்பப் பெயர் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே காணப்படுகிறது. ‘சார்பொனெல்’ என்னும் பெயரில் எழுத்துகள் இடம்மாறிப் பிறந்தது அது எனவும், கரி எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் குறுமைவடிவம் எனவும், முடியின் அல்லது மேனியின் நிறம்பற்றி இடப்பட்டது எனவும் சொற்பிறப்பியலார் கருதுவர். வெடிமருந்தின் மூன்று கூறுகளில் கரியும் ஒன்று என்பதால், பெயருக்கும் கருவிக்கும் உட்தொடர்பு காண விழைவது எளிது. ஆயினும் சொல் படைக்கலத்துக்கு ஆனது ஆளின் வழியே. கரியின் வழியே அன்று.

இவ்வெச்சரிக்கை தமிழுக்கும் வேண்டற்பாலது. இலங்கைத் தமிழில் எறிகணையைச் சுட்டும் ‘செல்’ ஓட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடன்வடிவம். பழந்தமிழில் ‘செல்’ என்பதற்கு முகில், இடி ஆகிய பொருள்கள் உண்டு. முழக்கத்தோடு வானிலிருந்து வீழும் ஒன்றுக்கு இடியின் பெயர் அமைந்ததெனக் கூறுதல் கேட்பதற்கு இனிது. ஆனால் வடிவ ஒப்புமை வரலாற்றுத் தொடர்பாகாது.

தமிழ் வழக்கில் இணைச்சொற்கள்

இப்பொருளைச் சுட்டத் தமிழில் வழங்கும் சொற்கள் வெவ்வேறு நோக்கில் அமைந்தவை. ‘சிதறல்’ தொழிற்பெயர். சிதறும் தொழிலைக் குறித்த சொல் சிதறிய பொருளுக்கு ஆயிற்று. ‘வற்றல்’, ‘பொங்கல்’ போல இதுவும் தொழிலாகுபெயர். ஆங்கிலச் சொல் ஓர் ஆளின் பெயருக்குள் நிகழ்வை மறைக்க, தமிழ்ச்சொல் நிகழ்வையே பெயராக்கி நிற்கிறது. ‘எறிகணைச் சிதறல்’ என்னும்போது முதற்கருவியும் சுட்டப்பெறுகிறது. எறிகணை, ஏவுகணை ஆகியன முக்காலமும் தழுவும் வினைத்தொகைகளாய், பழைய கணை என்னும் சொல்லுக்குப் புதுவாழ்வு தந்தவை.

‘ரவை’ வடிவ ஒப்புமையால் அமைந்தது. நாட்டுத் துப்பாக்கியில் இடும் சிறு உருண்டைகளுக்கு இது வழங்குகிறது. இலங்கையில் துப்பாக்கிக் குண்டையும் குறிக்கிறது. சிராப்னலின் எறிகணையுள் இருந்த உருண்டைகளுக்கு மிக அணுக்கமான தமிழ்ச்சொல் இதுவே. ‘சன்னம்’ பொதுத்தமிழில் நுண்மையையும் மென்மையையும் குறிப்பது. இலங்கை இதழ்களில் துப்பாக்கியிலிருந்து பாயும் குண்டு ‘துப்பாக்கிச் சன்னம்’ எனப்படும். தமிழகத்தார் இதனைத் ‘தோட்டா’ அல்லது ‘குண்டு’ என்பர்.

‘செல் பீஸ்’ என்பது ஈழத்தமிழ்ப் பேச்சுவழக்கு. ‘பீஸ் பட்டது’ எனத் தனித்தும் வழங்கும். இரு கடன்சொற்களால் ஆன இத்தொடரைக் கொச்சை எனத் தள்ளுதல் எளிது. ஆயினும் அதன் நேர்ப்பொருள் ‘ஓட்டின் துண்டு’ என்பதாகும். ஆற்றல்மிகு வெடிகணையில் ஊறு செய்வது ஓட்டின் துண்டே. எனவே, பட்டறிவினின்று பிறந்த இவ்வழக்கு, ஆங்கிலத்தின் ‘சிராப்னல்’ என்பதைவிடத் தொழில்நுட்ப உண்மைக்கு நெருங்கியதாய் உள்ளது.

சொல்வேறுபாட்டின் தேவை

இவ்வேறுபாடுகள் அகராதிக்கு மட்டும் உரியன அல்ல. 2009இல் முடிவுற்ற இலங்கைப் போருக்குப் பின்னும் உடலுள் உலோகத் துண்டுகளோடு வாழ்வோர் உளர். அவர்தம் மருத்துவக் குறிப்புகளும் வாக்குமூலங்களும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் பெயர்க்கப்படுகின்றன. ‘சன்னம் பாய்ந்தது’ என்பது துப்பாக்கியையும், ‘பீஸ் பட்டது’ என்பது எறிகணை முதலியவற்றையும் சுட்டும். இரண்டையும் ‘குண்டு பாய்ந்தது’ என ஒன்றாக்கினால், எக்கருவி, எத்தொலைவு, ஒருவரைக் குறிவைத்ததா, இடத்தைக் குறிவைத்ததா என்னும் வினாக்களுக்குரிய விடை அழிந்துபோகும். சான்று கூறுவோர் பொருள்வேறுபாட்டோடு சொன்ன சொல்லை மொழிபெயர்ப்பாளர் பொதுமைப்படுத்துவது சான்றைக் குறைப்பதாகும்.

மறுதலையாக, கதிர்ப்படத்தில் தெரிவது உலோகம் மட்டுமே. அதனைச் ‘சிதறல்’ என எழுதுவது, அது ஒரு வெடிப்பிலிருந்து வந்தது என முடிவுகட்டுவதாகும். மூலம் தெளியாத இடத்து ‘உலோகத் துண்டு’ என்பதே நடுநிலையான சொல்.

வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்போர்க்கும் இத்தெளிவு வேண்டும். 1914ஆம் ஆண்டின் நூலொன்றில் படை ‘சிராப்னலால் சுட்டது’ என வந்தால், அது எறிகணை வகையைக் குறிக்கும். அதனைச் ‘சிதறல்களால் சுட்டது’ எனப் பெயர்த்தல் பொருளற்றது. ஆகவே பின்வரும் வரையறை முன்வைக்கப்படுகிறது.

1. பழைய எறிகணை வகையைக் குறிக்குமிடத்துச் ‘சிராப்னல் எறிகணை’ எனப் பெயரைப் பேணுதல்.
2. அதனுள் இருந்த உருண்டைகளை ‘ரவை’ எனல்.
3. வெடித்த உறையின் துண்டுகளைச் ‘சிதறல்’ எனல்; கருவி தெரிந்தவழி ‘எறிகணைச் சிதறல்’, ‘கைக்குண்டுச் சிதறல்’, ‘கண்ணிவெடிச் சிதறல்’ என அடைகொடுத்தல்.
4. துப்பாக்கியிலிருந்து வருவதைச் ‘சன்னம்’ அல்லது ‘தோட்டா’ எனல்.
5. மூலம் தெளியாதவழி ‘உலோகத் துண்டு’ எனல்.
6. வாக்குமூலங்களில் சொன்னவரின் சொல்லை அவ்வாறே தந்து, விளக்கத்தை அடுத்து வைத்தல்.

முடிவுரை

சிராப்னல் என்னும் சொல் ஓர் ஆளின் பெயராகத் தோன்றி, எறிகணைக்கும் அதன் ரவைகளுக்கும் ஆகி, அக்கருவி மறைந்தபின் பிற வெடிகலங்களின் உறைத்துண்டுகளுக்கு உரியதாயிற்று. கருத்தாவாகுபெயர், இடவாகுபெயர், உவமையாகுபெயர் என்னும் மூன்று படிகளில் இம்மாற்றம் அமைந்துள்ளது. தமிழ் ஆகுபெயர்க் கோட்பாடு பிறமொழிச் சொல்லொன்றின் பொருள் வரலாற்றையும் தெளிவுற விளக்கும் ஆற்றலுடையது என்பது இதனால் பெறப்படும். ஆங்கிலம் ஒரு சொல்லால் சுட்டும் பல பொருள்களுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் வழக்கிலேயே உள்ளன. புதுச்சொல் ஆக்குவதைவிட, மக்கள் துன்பத்தினூடே வேறுபடுத்தி வழங்கிய அச்சொற்களை அவ்வேறுபாடு கெடாமல் ஆள்வதே கலைச்சொல்லாக்கத்தின் கடமையாகும்.